அழுத பாட்டுக்கு ஆடலாமா?

(நூலக வாசகர் வட்டம் ஒன்றில் பேசியது. பேச்சின் போக்கு மாறாமல் எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். 'ரெகே இசையும் இறைநம்பிக்கையும்' என்று தலைப்பைக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் பேசுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பின்வரிசைக்கு ஃபேன் சத்தத்தை மீறிக் கேட்கிறதா? சரி.

எங்கள் ஆச்சியிடமிருந்து ஆரம்பிக்கிறேன். ரெகே என்பது கரீபியன் தீவான ஜமைக்காவில் பிறந்த இசை. அந்தச் சொல்லையே அவர் கேட்டதில்லை. பாளையங்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். எண்பதுகளின் தொடக்கத்தில் துபாயிலிருந்து லீவில் வந்த சித்தப்பா ஒரு டேப் ரிக்கார்டரும் நாலைந்து கேசட்டும் கொண்டுவந்தார். அதில் ஒன்று போனி எம் குழுவினுடையது. 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' என்ற பாட்டு வந்ததும் நாங்கள் பிள்ளைகள் எல்லாம் முற்றத்தில் குதிக்க ஆரம்பித்துவிட்டோம். ஒரு வார்த்தை புரியவில்லை, அதனால் என்ன. ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். "என்னலே சொல்லுது அந்தப் பாட்டு?" என்று கேட்டார். சித்தப்பா சொன்னார்: "வேதத்துல உள்ளதுதாம்மா. சங்கீதம் நூத்தி முப்பத்தேழு."

ஆச்சியின் கை நின்றுவிட்டது. "ஏலே, அது அழுது பாடுன பாட்டுல்லா. அதுக்குப் போயி இந்த ஆட்டம் ஆடுதியளே!" என்றார்.

அன்றைக்கு நாங்கள் சிரித்தோம். பிறகு ரெகே கேட்க ஆரம்பித்து, தேடித் தேடிப் படித்து, இவ்வளவு வருஷம் கழித்தும் நான் ஆச்சியின் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகவில்லை. இன்றைய பேச்சும் அதைப் பற்றியதுதான்.

முதலில் அந்தச் சங்கீதம், அதாவது வேதப்புத்தகத்தில் வரும் பாடல். சீயோன் என்பது எருசலேம், கின்னரம் என்பது யாழ் மாதிரி ஒரு வாத்தியம். "பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து, அங்கே சீயோனை நினைத்து அழுதோம். அதின் நடுவிலிருக்கும் அலரிச்செடிகளின்மேல் எங்கள் கின்னரங்களைத் தூக்கிவைத்தோம்." கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளுக்கு முன் எருசலேம் வீழ்ந்து, யூதர்கள் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். அந்தத் துக்கம்தான் இது. அங்கே ஒரு கொடுமையைக் கவனியுங்கள். சிறைபிடித்தவர்கள் இவர்களை அடிக்கவில்லை. உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்களேன், கேட்போம் என்கிறார்கள். பொழுதுபோக்குக்கு. அதற்கு இவர்கள் கேட்கிறார்கள்: கர்த்தரின் பாட்டை அந்நிய தேசத்தில் நாங்கள் பாடுவதெப்படி?

ஒரு சின்ன இடைச்செருகல். மூலத்தில் ஆற்றங்கரையில் வளரும் ஒரு மரம் வருகிறது. ஆங்கிலத்தில் அதை வில்லோ என்று போட்டார்கள். நம் ஆட்கள் அலரி என்று போட்டார்கள். எங்கள் ஊர் ஓடைக்கரையில் நின்றதும் அலரிதான். அதனால் சின்ன வயதில் எனக்குப் பாபிலோன் என்றால் தாமிரபரணிக் கரைதான். வேதத்தில் வரும் ஊரைத் தன் ஊரில் கொண்டுவந்து வைத்துப் பார்ப்பது எல்லோரும் செய்கிற காரியம். ஜமைக்காக்காரர்கள் அதைக் கடைசிவரைக்கும் செய்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அவர்கள் ஊரில் பாபிலோன் என்றால் போலீஸ், நீதிமன்றம், கவர்னர் மாளிகை, கரும்புத் தோட்டத்து முதலாளி. இன்றைக்கும் கிங்ஸ்டனில் 'பாபிலோன் வருது' என்றால் போலீஸ் வண்டி வருகிறது என்று அர்த்தம்.

அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது? 1655-இல் ஜமைக்கா ஸ்பானியர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கரும்புக்காக ஆப்பிரிக்காவிலிருந்து லட்சக்கணக்கான மனிதர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். அவர்களுக்கு வேதம் சொல்லிக்கொடுப்பதா வேண்டாமா என்பது முதலாளிகளுக்குப் பெரிய தலைவலி. 1807-இல் லண்டனில் ஒரு வேதப்புத்தகம் அச்சானது. மேற்கிந்தியத் தீவுகளின் நீக்ரோ அடிமைகளுக்காகத் தெரிந்தெடுத்த பகுதிகள் என்று தலைப்புப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. பழைய ஏற்பாட்டில் பத்தில் ஒன்பது பங்கு அதில் கிடையாது. புதிய ஏற்பாட்டில் பாதி கிடையாது. எகிப்துக்கு விற்கப்பட்ட யோசேப்பு எஜமானுக்கு உண்மையாக இருந்த கதை உண்டு. மோசே பார்வோன் முன்னால் போய் நின்று ஜனங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பியது கிடையாது. வேலைக்காரர்கள் எஜமான்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனத்தை மட்டும் மறக்காமல் வைத்திருக்கிறார்கள்.

கத்தரிக்கோலை எங்கே வைக்க வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது பாருங்கள்.

ஆனாலும் காரியம் கைமீறிப் போனது. சாம் ஷார்ப் என்று ஒரு அடிமை. பாப்டிஸ்ட் சபையில் டீக்கன், எழுதப் படிக்கத் தெரிந்தவர். இரண்டு எஜமான்களுக்கு ஊழியம் செய்ய ஒருவனாலும் கூடாது என்ற வசனத்தைத்தான் அவர் திரும்பத் திரும்பப் பிரசங்கித்தார் என்பார்கள். 1831 கிறிஸ்துமஸ் முடிந்ததும் கரும்பு வெட்ட மாட்டோம் என்று தொடங்கிய வேலைநிறுத்தம் பெருங்கிளர்ச்சியாகிவிட்டது. 1832 மே மாதம் அவரைத் தூக்கிலிட்டார்கள். அடுத்த வருஷமே லண்டனில் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. முழு விடுதலை 1838-இல்தான்.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். மோசேயின் கதையை வெட்டியெடுத்த அந்தப் புத்தகம் அச்சாகி 170 வருஷம் கழித்து, 1977-இல், அதே தீவைச் சேர்ந்த ஒருவர் ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். அதன் பெயர் 'எக்ஸோடஸ்', அதாவது யாத்திராகமம். அவர் பெயர் பாப் மார்லி.

இப்போது ராஸ்தாஃபாரிக்கு வருவோம். எத்தியோப்பியப் பேரரசர் ஒருவரைத் தெய்வமாகக் கொண்டு ஜமைக்காவில் எழுந்த சமய இயக்கம் அது. அதைப் பின்பற்றுகிறவர்கள் ராஸ்தாக்கள். 1930 நவம்பர் 2 அன்று அடிஸ் அபாபாவில் ராஸ் தஃபாரி என்ற இளவரசர் எத்தியோப்பியாவின் பேரரசராக முடிசூடினார். ராஸ் என்பது பட்டம், தஃபாரி என்பது பெயர். முடிசூடியபின் ஹைலே செலாசி. திரித்துவத்தின் வல்லமை என்று பொருள். கூடவே ராஜாதி ராஜா, யூதா கோத்திரத்துச் சிங்கம் என்ற பட்டங்கள். உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் படம் வந்தது. ஜமைக்காவில் கருப்பின மக்களின் பெருமையைப் பேசி வளர்ந்த தலைவர் மார்க்கஸ் கார்வி. ஆப்பிரிக்காவைப் பாருங்கள், ஒரு கருப்பு ராஜா முடிசூடுவார் என்று அவர் தீர்க்கதரிசனம் சொன்னதாக ஒரு பேச்சு ஏற்கெனவே உலவிக்கொண்டிருந்தது. கார்வி பிற்பாடு அதே ராஜாவைத் தன் பத்திரிகையில் காய்ச்சி எடுத்தார் என்பது தனிக்கதை.

கிங்ஸ்டன் தெருவில் நிற்கிற ஏழைக்கு இந்தப் படம் என்னவாகத் தெரிந்திருக்கும்? கையில் வேதப்புத்தகம். 68-ஆம் சங்கீதத்தில் எத்தியோப்பியா தேவனை நோக்கிக் கையெடுக்கும் என்று இருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் யூதா கோத்திரத்துச் சிங்கம் வருகிறது. இந்தப் பக்கம் பத்திரிகையில் அதே பட்டத்தோடு ஒரு கருப்பு மனிதர், குதிரை, கிரீடம், செங்கோல். லெனார்ட் ஹோவெல் என்ற பிரசங்கி பேரரசரின் படத்தை ஒரு ஷில்லிங்குக்கு விற்றுக்கொண்டே, உங்கள் ராஜா இங்கிலாந்தில் இல்லை, இவர்தான் என்றார். 1934-இல் ராஜதுரோக வழக்கில் அவருக்கு இரண்டு வருஷம் சிறை. வெளியே வந்து 1940-இல் மலைமேல் பினக்கிள் என்ற குடியிருப்பை உண்டாக்கினார். போலீஸ் அதைத் திரும்பத் திரும்பத் தாக்கி, 1954-இல் அடியோடு அழித்தது. அங்கிருந்து சிதறிய ஆட்கள் கிங்ஸ்டன் குடிசைப் பகுதிகளில் வந்து நிறைந்தார்கள். அங்கேதான் மேளம் அவர்களுக்காகக் காத்திருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

புர்ரு என்றொரு மேளக் கூட்டம் ஜமைக்காவில் இருந்தது. அடிமைக் காலத்தில் வேலைக்களத்தில் அடித்த ஆப்பிரிக்க மேளத்தின் மிச்சம். விடுதலைக்குப் பிறகு அந்த மேளக்காரர்களுக்கு வேலை இல்லாமல் போய், நகரத்துச் சேரிகளுக்கு வந்துவிட்டார்கள். தெருப்பையன் ஒருவன் சிறையிலிருந்து விடுதலையாகி வந்தால் இவர்கள்தான் மேளமடித்து வரவேற்பார்கள். ராஸ்தாக்களிடம் தெய்வம் இருந்தது, தாளம் இல்லை. புர்ருக்காரர்களிடம் தாளம் இருந்தது, தெய்வம் இல்லை. இரண்டு கூட்டமும் ஒரே வளவில் குடியிருந்தது. அப்புறம் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. கவுன்ட் ஆஸி என்று அழைக்கப்பட்ட ஆஸ்வால்ட் வில்லியம்ஸ் இந்த மேளத்தைக் கற்றுக்கொண்டு ராஸ்தா வழிபாட்டு இசையாகவே ஆக்கிவிட்டார். நையாபிங்கி என்று அதற்குப் பெயர்.

மூன்று மேளம். பெரியது பாஸ், துணி சுற்றிய கோலால் அடிப்பது. நடுவில் ஃபுண்டே. சின்னது ரிப்பீட்டர். ஃபுண்டேயின் அடி இப்படி. (மேசையில் தட்டிக் காட்டினேன்: டப்-டப், சற்று இடைவெளி, டப்-டப்.) என்ன நினைவுக்கு வருகிறது? நெஞ்சில் கை வைத்துப் பாருங்கள். அதுதான். இரவு தொடங்கி விடியும்வரை இந்த ஒரே துடிப்பு. நடுநடுவே யாராவது எழுந்து சங்கீதம் வாசிப்பார். மறுபடி மேளம். ஃபுண்டே வாசிப்பவர் வித்தை காட்டக்கூடாது, அந்தத் துடிப்பை விடாமல் பிடித்திருக்க வேண்டும். ரிப்பீட்டர்தான் மேலே பறக்கும். 1960 வாக்கில் பிரின்ஸ் பஸ்டர் என்ற தயாரிப்பாளர் கவுன்ட் ஆஸி குழுவை மலையிலிருந்து இறக்கி ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய், ஃபோக்ஸ் சகோதரர்கள் பாட, 'ஓ கரோலினா' என்ற பாட்டைப் பதிவு செய்தார். பாட்டு என்னவோ காதல் பாட்டுத்தான். ஆனால் சாமி மேளம் முதன்முதலாக ரேடியோவுக்குள் நுழைந்தது அப்படித்தான். மரியாதைப்பட்டவர்கள் முகம் சுளித்தார்கள். சடைமுடி வளர்த்த ராஸ்தாவைக் கண்டால் பஸ்ஸில்கூட ஏற்றாத காலம் அது.

அதிலிருந்து ஸ்கா, அப்புறம் ராக்ஸ்டெடி, 1968 வாக்கில் ரெகே என்று இசை மாறி மாறி வந்தது. அந்த வரலாற்றைத் தாண்டிப் போகிறேன், இல்லையென்றால் இன்றைக்கு யாரும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க மாட்டீர்கள். ஒன்று மட்டும். ரெகேயில் 'ஒன் டிராப்' என்ற தாளம் இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். நம் காது முதல் அடிக்குக் காத்திருக்கும். ரெகே டிரம் வாசிப்பவர் அந்த இடத்தில் சும்மா இருப்பார். மூன்றாவது அடியில்தான் மொத்த பாரமும் விழும். கிட்டார் இரண்டிலும் நான்கிலும் 'சக்... சக்...' என்று வெட்டிக்கொண்டு போகும். தாளம் தொடங்கியபிறகு பாட்டை எடுக்கும் அனாகத எடுப்பில் பாடிப் பழகியவர்களுக்கு அந்த முதலடி வெறுமையின் ருசி கொஞ்சம் புரியும். எனக்கு அது மூச்சை இழுத்து ஒரு நொடி நிறுத்திவைப்பது போலிருக்கும். பாப் இசை உங்களைப் பிடித்துத் தள்ளும். இது நீங்களாக வந்து விழ இடம் விட்டுவைக்கிறது.

ராஸ்தா மட்டும்தான் ரெகேயின் தெய்வம் என்று நினைத்துவிடாதீர்கள். 2011 கணக்கெடுப்பில் ஜமைக்காவின் ஏறத்தாழ 27 லட்சம் பேரில் ராஸ்தாக்கள் சுமார் 29,000. நூற்றுக்கு ஒருவர். மீதிப் பேரில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு சபைக்குப் போகிறவர்கள். கிங்ஸ்டனில் ஆல்ஃபா பையன்கள் பள்ளி என்று ஒன்று உண்டு. இரக்கத்தின் சகோதரிகள் சபைக் கன்னியாஸ்திரீகள் நடத்தியது. ஆதரவற்ற, அடங்காத பையன்களைக் கொண்டுபோய் விடுகிற இடம். அங்கே பாண்டு வாத்தியம் கற்றுக்கொடுத்தார்கள். ஸ்கா வாசித்த ஸ்காடலைட்ஸ் குழுவின் டான் டிரம்மண்ட், டாமி மெக்குக், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங் நாலு பேரும் அங்கே படித்தவர்கள். சிஸ்டர் மேரி இக்னேஷியஸ் என்ற கன்னியாஸ்திரீ இசைத்தட்டுகளை வாங்கிச் சேர்த்துவைத்துப் பையன்களுக்குப் போட்டுக் காட்டுவாராம். வெள்ளைத் தலைமூடி போட்ட அம்மா, முன்னால் சுழலும் இசைத்தட்டு. அந்தக் காட்சி இல்லாமல் ரெகேயின் கதை எனக்கு முழுமையாகாது. 1968-இல் அந்த இசைக்கு 'ரெகே' என்று பாட்டிலேயே பெயர் வைத்த டூட்ஸ் ஹிபர்ட் சபைப் பாடகராக வளர்ந்தவர். அவர் குரலைக் கேட்டால் எங்கள் ஊர்க் கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி இரவு நினைவுக்கு வரும்.

இப்போது ஆச்சியின் பாட்டுக்குத் திரும்புவோம். அது போனி எம் எழுதியதில்லை. 1970-இல் மெலோடியன்ஸ் என்ற மூவர் குழுவின் பிரென்ட் டவ், ட்ரெவர் மெக்நாட்டன் இருவரும் ஆக்கியது. லெஸ்லி காங் என்ற சீன வம்சாவளித் தயாரிப்பாளர் பதிவு செய்தார். அவர்கள் கையில் என்ன கத்தரிக்கோல் இருந்தது என்று பார்ப்போம்.

கின்னரங்களை மரத்தில் மாட்டிய வசனத்தை விட்டுவிட்டார்கள். பாட்டை நிறுத்திய இடம் அல்லவா அது! 137-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம் தெரிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். பாபிலோனின் குழந்தைகளைப் பிடித்துக் கல்லின்மேல் மோதுகிறவன் பாக்கியவான் என்று இருக்கும். வேதத்திலேயே கொடூரமான வரிகளில் ஒன்று. ஆச்சி அந்த வசனத்தை மட்டும் வாய்க்குள்ளேயே வாசிப்பார். முந்நூறு வருஷம் அடிபட்ட ஜனத்துக்கு அந்த வரியைப் பாட எல்லா நியாயமும் இருந்தது. அவர்கள் அதைத் தொடவில்லை. பதிலுக்கு 19-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைக் கொண்டுவந்து ஒட்டினார்கள்: என் வாயின் வார்த்தைகளும் என் இருதயத்தின் தியானமும் உமது சமுகத்தில் பிரீதியாயிருப்பதாக. அதிலும் 'என்' என்பதை 'எங்கள்' என்று மாற்றினார்கள்.

இன்னொரு வேலையும் செய்தார்கள். கர்த்தரின் பாட்டை எப்படிப் பாடுவோம் என்பது மூலம். இவர்கள் கர்த்தரை எடுத்துவிட்டு 'கிங் ஆல்ஃபா' என்று போட்டார்கள், அதாவது ஹைலே செலாசி. இன்னோரிடத்தில் 'ஃபார்-ஐ' என்று தஃபாரியையே கூப்பிடுகிறார்கள். அரசாங்கம் பாட்டை ரேடியோவில் போடக்கூடாது என்று நிறுத்தியது. பிரென்ட் டவ் பிற்பாடு சொன்னபடி, லெஸ்லி காங் நேரே போய், வேதத்தில் உள்ள வார்த்தைகளுக்கா தடை என்று சண்டை பிடித்தார். காலங்காலமாகச் சபைகளில் பாடுவதுதானே? பதில் சொல்ல முடியவில்லை. தடை நீங்கியது. மூன்று வாரத்தில் பாட்டு முதலிடத்துக்குப் போய்விட்டது.

1978-இல் போனி எம் இதை எடுத்தபோது கிங் ஆல்ஃபா போய், மறுபடி கர்த்தர் வந்துவிட்டார். எங்கள் முற்றத்துக்கு வந்து சேர்ந்தது அந்தப் பதிப்பு. சிறைபிடித்தவர்கள் ஒரு பாட்டுப் பாடச் சொன்ன கதை டிஸ்கோ பாட்டாகிவிட்டது என்று எழுதிய விமர்சகர்கள் உண்டு. நான் அவ்வளவு கோபப்பட மாட்டேன். ஆனால் ஜமைக்காவின் சுற்றுலா விளம்பரத்துக்கே மார்லியின் 'ஒன் லவ்' போய்விட்டதைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சங்கீதம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. கடற்கரை ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டே, உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்களேன்.

மொழியைப் பற்றி ஒன்று. ராஸ்தாக்கள் கடவுளை 'ஜா' என்பார்கள். புதிதாகக் கண்டுபிடித்த பெயரில்லை. 68-ஆம் சங்கீதத்தின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் இருக்கிறது. அதே எபிரேயப் பெயர் உங்கள் வாயிலும் இருக்கிறது. அல்லேலூயா என்கிறோமே, அதன் கடைசியில் நிற்கிற 'யா' அதுதான். அப்புறம் அவர்கள் 'நான்', 'நீ', 'நாம்' எல்லாவற்றுக்கும் 'ஐ அன்ட் ஐ' என்று சொல்வார்கள். நானும் நானும். எனக்குள் இருக்கிற ஜாவும் உனக்குள் இருக்கிற ஜாவும் ஒன்றே என்பது கருத்து. ஆங்கிலத்தில் 'வீ' என்றால் கேட்கிறவரும் சேர்த்தியா இல்லையா என்று தெரியாது. நமக்கு அந்தக் கஷ்டம் கிடையாது, 'நாங்கள்' வேறு, 'நாம்' வேறு. ராஸ்தாக்கள் முட்டி மோதி உண்டாக்கியது ஒரு 'நாம்', கடவுளையும் உள்ளே உட்காரவைத்த 'நாம்'. ரெகே பாட்டில் 'ஐ அன்ட் ஐ' வருகிறபோது அது தற்பெருமை என்று நினைத்துவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, அந்த ராஜா என்ன ஆனார்?

1966 ஏப்ரல் 21. ஹைலே செலாசி ஜமைக்காவுக்கு வந்தார். விமான நிலையத்தில் ஒரு லட்சம் பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். காலையிலிருந்து மழை, விமானம் தெரிந்ததும் மழை விட்டது என்று இன்றைக்கும் சொல்வார்கள். கூட்டம் காவலை உடைத்துக்கொண்டு விமானத்தின் இறக்கைக்குக் கீழேயே போய் நின்றுவிட்டது. மேளம், புகை, கொடி. பேரரசரால் இறங்க முடியவில்லை. கடைசியில் மார்டிமர் பிளானோ என்ற ராஸ்தா பெரியவர் படியேறிப் போய்க் கூட்டத்தை அமர்த்தியபிறகுதான் இறங்கினார். நேற்றுவரை போலீஸ் சடையைப் பிடித்து வெட்டிய ஆள், இன்றைக்கு நாட்டின் விருந்தாளிக்கு வழி விலக்கிக் கொடுக்கிறார். வீதியில் நின்ற ரீட்டா மார்லி, கார் தாண்டிப் போகும்போது பேரரசர் கையசைத்ததில் உள்ளங்கையில் ஆணித் தழும்பைக் கண்டதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குக் கல்யாணமாகி இரண்டு மாதமும் சில நாட்களும்தான் ஆகியிருந்தன. கணவர் பாப் அப்போது அமெரிக்காவில், அம்மா இருந்த டெலவரில், கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது கடிதத்தில்தான் போய்ச் சேர்ந்தது. திரும்பி வந்து பிளானோவிடம் போய் உட்கார்ந்தார். மீதி உங்களுக்குத் தெரியும்.

இனி கஷ்டமான பகுதி. மறுவருஷம் கனடா வானொலிப் பேட்டியில் ஹைலே செலாசி தெளிவாகவே சொல்லிவிட்டார்: நான் மனிதன், சாகப்போகிறவன், மனிதனைத் தெய்வமாக்கும் தப்பைச் செய்யாதீர்கள் என்று அவர்களிடமே சொன்னேன் என்றார். அவர் கடைசிவரை எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். 1973-இல் அவர் நாட்டில் வொல்லோ பகுதியில் பஞ்சம். ஜனங்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள், அரண்மனை மூடி மறைத்தது. 1974-இல் ராணுவம் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனது. 1975 ஆகஸ்டில் இறந்துவிட்டார் என்று அறிவித்தார்கள்.

சில வாரத்துக்குள் பாப் மார்லி ஒரு பாட்டை வெளியிட்டார். பெயர் 'ஜா லிவ்'. ஜா உயிரோடிருக்கிறார்.

இருபது வயதில் நான் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். வொல்லோவில் பிள்ளையைப் புதைத்த தாயிடம் போய் இந்தப் பாட்டைப் பாட முடியுமா என்று இன்றைக்கும் கேட்பேன். எந்த மெட்டும் அந்தப் பஞ்சத்தை மறைக்காது. ஆனாலும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தச் செய்தியைக் கொண்டுவந்தது எந்தப் பத்திரிகை, எந்த வானொலி? ராஸ்தாக்களைப் பைத்தியம் என்று எழுதிக்கொண்டிருந்த அதே ஆட்கள். உங்கள் கடவுள் செத்துவிட்டார் என்று சொல்வதில் அவர்களுக்கு இருந்த சந்தோஷத்தைத்தான் மார்லி மறுக்கிறார் என்று எனக்குப் படுகிறது. அந்தப் பாட்டில் கோபம் கிடையாது என்பது இன்னொன்று. தாலாட்டு மாதிரி நிதானமாகப் போகும். அடுத்த வருஷமே பேரரசர் 1963-இல் ஐ.நா. சபையில் நிறவெறிக்கு எதிராகப் பேசிய பேச்சை ஏறக்குறைய வரிக்கு வரி எடுத்து 'வார்' என்று பாடினார். ஒரு மனிதனைத் தெய்வம் என்று நம்புவதில் ஆயிரம் சிக்கல் இருக்கலாம். அந்த மனிதனின் மிகச் சிறந்த பேச்சு ஒன்று மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது இந்த நம்பிக்கையால்தான்.

முடிவு இன்னும் வேடிக்கை. ராஸ்தாக்களைக் கிறிஸ்துவிடம் திருப்ப வேண்டும் என்று பேரரசரே 1970-இல் தம் சபையின் குருவை ஜமைக்காவுக்கு அனுப்பியிருந்தார். அந்த ஆர்த்தடாக்ஸ் சபையில், புற்றுநோய் முற்றிய நிலையில், 1980 நவம்பர் 4 அன்று பாப் மார்லி ஞானஸ்நானம் பெற்றார். புதுப்பெயர் பெர்ஹானே செலாசி, திரித்துவத்தின் ஒளி. 1981 மே 11 அன்று மறைந்தார். வயது 36. அடக்க ஆராதனை அந்தச் சபை முறைப்படிதான் நடந்தது. அப்படியானால் அவர் ராஸ்தாவாக இறந்தாரா, கிறிஸ்தவராக இறந்தாரா? இரண்டு பக்கமும் இன்றைக்கும் உரிமை கொண்டாடுகிறது. எனக்கு இந்தச் சண்டையில் நாட்டமில்லை. அவர் பாடிய சங்கீதப் புத்தகம் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதானே.

பாட்டு சொன்னால் ஊர் நம்பியது என்பதற்கு ஒரே ஒரு சம்பவம். 'டூ செவன்ஸ் கிளாஷ்' என்ற பாட்டைக் கல்ச்சர் என்ற ரெகே குழு பாடியது. ஏழும் ஏழும் மோதும் நாளில் அழிவு வரும் என்பது சாரம். 1977 ஜூலை 7 அன்று, அதாவது 7-7-77, கிங்ஸ்டனில் பல கடைகள் திறக்கவில்லை, ஆட்கள் வெளியே தலைகாட்டவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. பாட்டு இன்னும் ஓடுகிறது.

கேள்வி நேரத்தில் எப்படியும் யாராவது கேட்பீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். கஞ்சா. அந்தச் சொல் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனது. 1845-இல் முதல் கப்பல் இந்தியக் கூலிகளோடு ஜமைக்காவில் போய் நின்றது. 1917 வரை 36,000 பேருக்கு மேல் போனார்கள், பெரும்பாலும் வட இந்தியர்கள். செடியும் சொல்லும் அவர்களோடு போனது. ராஸ்தாக்கள் அதைப் பூசைப் பொருளாக்கினார்கள், அரசாங்கம் 1913-லேயே தடை போட்டிருந்தது, 2015-இல் ராஸ்தா வழிபாட்டுக்கு விலக்குக் கொடுத்தார்கள். நம் பையன்கள் போடுகிற டிஷர்ட்டில் மார்லி முகமும் அந்த இலையும் மட்டும் இருக்கும், சங்கீதப் புத்தகம் இருக்காது. துணி அச்சடிக்கிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் தப்பு. விடுதலை விடுதலை என்று பாடுகிற இந்த வழிபாட்டில் பழைய வழக்கப்படி மேளம் ஆண்கள் கையில்தான். பெண் தலையை மூடிக்கொண்டு தள்ளி நிற்க வேண்டும். மார்லிக்குப் பின்னணி பாடிய ஜூடி மோவாட் தனியாகப் பாடி இதை உடைக்கப் பார்த்தார். பிற்காலத்தில் ராஸ்தாவை விட்டுக் கிறிஸ்தவப் பாடகியானார். ஆனால் ரெகேயை விடவில்லை. நியூயார்க்கில் மாட்டிஸ்யாகு என்ற யூதப் பாடகர் தாடியும் கருப்புத் தொப்பியுமாக ரெகே பாடினார். அவர் பாடியதும் சீயோனைப் பற்றித்தான். வேறெங்கேயோ சுற்றிவிட்டுப் பாட்டு அசல் வீட்டுக்கே போய்ச் சேர்ந்த மாதிரி இருந்தது எனக்கு.

போதும். இந்த ஸ்பீக்கரில் மெலோடியன்ஸின் 1970 பதிவு இருக்கிறது. மூன்று பேர் குரல், ரொம்ப எளிய வாத்தியம். ஆச்சியிடம் இதைப் போட்டுக் காட்ட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவர் போய்ப் பல வருஷம் கழித்துத்தான் எனக்கே கிடைத்தது. இரண்டு இடத்தை மட்டும் கவனியுங்கள். கர்த்தரின் பெயர் வரவேண்டிய இடத்தில் கிங் ஆல்ஃபா வருவது. அப்புறம், அழுகை முடிந்து எங்கள் வாயின் வார்த்தைகள் என்று ஜெபம் தொடங்குவது. அந்த இரண்டாவது இடத்தில் டிரம் என்ன செய்கிறது என்று கேளுங்கள்.

முன்வரிசையில் இருப்பவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொள்கிறீர்களா? இடம் வேண்டியிருக்கும்.